பிளாக் ஹீட்டர் போடுவது எப்படி, நம் கரை டிராக்டருக்கு அது ஏன் வேண்டாம்

சாயங்காலம் 6 மணிக்கு என் போன் அடித்தால் அது பெரும்பாலும் அக்கா மகன்தான். கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். நமக்கு மாலை 6 என்றால் அவனுக்குக் காலை 6.30. போன தை மாதம் ஒருநாள் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"மாமா, இங்க மைனஸ் 31. டிராக்டரை ராத்திரி பூரா ஹீட்டர்ல சொருகித்தான் வச்சிருந்தேன். செல்ஃப் அடிச்சா ரெண்டு சுத்து முனகுது, அதோட நின்னுருது. வைக்கோல் கட்டு வரும்னு மாடெல்லாம் கேட்டுல வந்து நிக்குது."

"பதறாத மாப்ள. வீடியோவைப் போடு, இன்ஜினைக் காட்டு" என்றேன்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், அதே மாதம் என் பட்டறையில் ஒரு உப்பு டிராக்டரில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் ராணுவத்தில் வண்டி, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 17 வருஷம் வண்டி மெக்கானிக். அதில் இரண்டு குளிர்காலம் லடாக்கில் லே பக்கம். ஊருக்கு வந்தபிறகு ராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் நடுவில் சாலையோரம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். குளிரில் எடுக்காத டீசலையும் பார்த்திருக்கிறேன், உப்புக்காற்றில் எடுக்காத டீசலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நோய் மாதிரி இருக்கும். மருந்து வேறு.

குளிர் டீசலை எப்படி மடக்குகிறது

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினேழில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றுகிறது. இரும்பு மைனஸ் 30-ல் இருந்தால் நசுக்கிய காற்றின் சூட்டைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடும். டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும்.

அடுத்தது எண்ணெய். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களைக் கேளுங்கள், பாகு ஆறிவிட்டால் துடுப்பு நகராது என்பார்கள். கடுங்குளிரில் இன்ஜின் ஆயில் அந்தப் பதத்துக்கு வந்துவிடுகிறது. அதைத் தள்ளிக்கொண்டு சுற்ற வேண்டிய நேரத்தில்தான் பேட்டரியும் கைவிடுகிறது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரிகூடப் பாதி பலத்தில்தான் இருக்கும். லேயில் கூடவே இன்னொன்று: 3,500 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிவு, நசுக்கினாலும் போதிய சூடு வராது. அங்கே சாலையில் லாரிக்காரர்கள் இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வண்டியில் டீசல் ஹோஸ் உருகி ஒழுகித் தீப்பிடித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றிலிருந்து இன்ஜினுக்கு அடியில் நெருப்பு வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு வயிறு கலங்கும்.

ஹீட்டர் என்பது என்ன

நம் வீட்டில் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடு இருக்கிறது அல்லவா, அதன் தம்பிதான் இது. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் காசு மாதிரி வட்டமாகச் சில தகடுகள் அடித்து மூடியிருப்பார்கள். கோர் பிளக் என்று பெயர். வார்ப்பு போடும்போது விழுந்த ஓட்டைகளை மூடுவதற்கு அடித்தவை. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் ஹீட்டரை உட்கார வைக்கிறார்கள். கம்பிச்சுருள் உள்ளே கூலன்டில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கும் பிளாக்குக்கும் சுற்றும் திரவத்தில் மூழ்கியிருக்கும், ஒயர் வெளியே தொங்கும். மின்சாரம் கொடுத்தால் கூலன்ட் சூடாகி மெதுவாக மேலே ஏறும். அதோடு பிளாக்கும் சிலிண்டரும் வெதுவெதுப்பாகும்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் பொருத்துவது, சம்ப்பில் ஒட்டுவது, ஆயில் அளவுக் குச்சி ஓட்டையில் விடுவது என்று வேறு வகைகளும் உண்டு. சம்ப்பில் ஒட்டுவது பிளாக் ஹீட்டருக்குத் துணையாக நல்லது. குச்சி ஓட்டையில் விடுவது டிராக்டர் அளவு இன்ஜினுக்குப் போதாது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

போடும் முறை

முதலில் கூலன்ட் அளவு. இதைப் பார்க்காமல் பிளக்கைச் சொருகக் கூடாது. கம்பிச்சுருளைச் சுற்றிக் கூலன்ட் இல்லாமல் காற்று நின்றால், அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை, சில நிமிடத்தில் சுருள் எரிந்துவிடும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. நிறையக் கூலன்ட் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துத் தண்ணீரே கலக்காமல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது தப்பு. கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13-லேயே உறையும். பாதிக்குப் பாதிதான் கணக்கு.

அடுத்து ஒயர். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 1000 வாட் ஹீட்டர் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய நீட்டிப்பு ஒயரில் இதைக் கொடுத்தால் ஒயர்தான் சூடாகும். தடித்த ஒயர், எர்த் உள்ள மூன்று முனைப் பிளக், முடிந்தவரை குறைந்த நீளம். சொருகிக் கால் மணி நேரம் கழித்து ஒயரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே மாற்றுங்கள். பனி உருகித் தண்ணீர் தேங்கும் இடத்தில் இணைப்பைத் தரையில் போடாதீர்கள்.

சொருகியதும் காதைக் கிட்டே கொண்டுபோனால் கெட்டில் கொதிக்கப்போகும் முன் வருமே, அந்த மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வரும். அது வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு நேரம்? 2 முதல் 4 மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, மின்சாரம்தான் வீண். 1000 வாட்டை 3 மணி நேரம் போட்டால் 3 யூனிட், 12 மணி நேரம் போட்டால் 12 யூனிட். வெளியே போடும்படியான டைமர் வாங்கி, வேலைக்கு இறங்கும் நேரத்துக்கு 3 மணி நேரம் முன்னால் வைத்துவிடுங்கள். காற்று அடிக்கிற இடமென்றால் முன்பக்கம் ஒரு தார்ப்பாய் போட்டு மூடினால் சூடு நிற்கும். ஸ்டார்ட் செய்யும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

ஒயரைக் கழற்றாமல் வண்டியை எடுத்து, சுவரிலிருந்து பிளக் பாயின்ட்டையே பிடுங்கிக்கொண்டு போவது அங்கே சகஜமாம். மாப்பிள்ளைக்கு நான் சொன்னது: சொருகும்போதே ஒயரின் ஒரு வளையத்தை ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுப் போ. காலையில் ஏறி உட்காரும்போது கையில் தட்டுப்படும்.

அப்புறம் ஸ்டார்ட். சிலிண்டருக்குள் காற்றைச் சூடாக்கும் குளோ பிளக் உள்ள வண்டி என்றால் அதன் விளக்கு அணையும் வரை பொறுங்கள். கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கியர் பாக்ஸில் உறைந்து கிடக்கும் எண்ணெயின் பாரம் செல்ஃப் மோட்டார்மேல் விழாது. 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி அடியுங்கள். எடுத்ததும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் 5 நிமிடம் மெதுவாக ஓடட்டும். ஹைட்ராலிக் எண்ணெய்க்கு ஹீட்டர் சூடு போயிருக்காது. முன்னால் பாரம் தூக்கும் லோடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி இறக்கிப் பழக்கிவிட்டுத்தான் கட்டைத் தூக்க வேண்டும்.

ஹீட்டரால் ஆகாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது பேட்டரியைச் சூடாக்காது, அதற்குத் தனிப் போர்வை இருக்கிறது. டீசலையும் சூடாக்காது. சாதாரண டீசல் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும், அப்போது பிளாக் எவ்வளவு சூடாக இருந்தும் பயனில்லை. குளிர்கால டீசல்தான் போட வேண்டும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் கொண்டுவந்தது. அதற்கு முன் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். இன்ஜின் ஆயிலும் 15டபிள்யூ-40 கூடாது, 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 வேண்டும்; டபிள்யூவுக்கு முன்னால் எண் குறையக் குறையக் குளிரில் ஆயில் இளகலாக இருக்கும். எளிதில் பற்றவைக்கக் காற்று வாயில் அடிக்கும் ஈதர் ஸ்பிரேயை மட்டும் குளோ பிளக் உள்ள வண்டியில் தொடவே தொடாதீர்கள். சூடான பிளக்கில் பட்டு இன்டேக்குக்குள்ளேயே வெடிக்கும்.

சரி, அன்றைக்கு அவன் வண்டிக்கு என்ன ஆனது? "சத்தம் வருதா?" என்று கேட்டேன். "எதுவும் வரல மாமா." ஒயரைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி, ஹீட்டர் பிளக்கின் இரண்டு தட்டை முனைகளுக்கு நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொன்னேன். 120-ஐ 120-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 14.4. அவனுடையது 1000 வாட் என்பதால் 14 ஓம் பக்கம் காட்ட வேண்டும். மீட்டர் எண்ணே காட்டவில்லை. சுருள் அறுந்து கிடக்கிறது. இரவு முழுக்கச் சொருகியிருந்தது வெறும் ஒயர்தான். ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னேன். போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினான். பச்சைக் கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை, உள்ளே இருட்டு. ஏதோ ஒரு ஹோஸ் கிளிப்பில் மாதக்கணக்காகச் சொட்டியிருக்கிறது, யாரும் ஊற்றவில்லை.

அன்று மாட்டுக்குப் பக்கத்துக் கொட்டகை டிராக்டரில் தீனி போட்டார்கள். இந்த வண்டியைச் சூடாக்கிய பட்டறைக்குள் இழுத்துப்போய் இரண்டு நாள் நிறுத்தினார்கள். ஹோஸ் கிளிப்பும் புது ஹீட்டரும் போட்டுக் கூலன்ட் நிரப்பியதும் உடனே சொருகப் பார்த்தான். வேண்டாம் என்றேன். நிரப்பிய கூலன்டில் காற்று மாட்டியிருக்கும், அது ஹீட்டர் பக்கத்தில் நின்றால் புதுசும் எரியும். முதலில் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, குறைந்த அளவை மறுபடி ஊற்றிய பிறகே மின்சாரம்.

அதே ஓட்டை, நம் கரையில்

இந்தக் கதையைப் பட்டறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, திருப்பாலைக்குடிப் பக்கம் உப்பளத்தில் உப்பு இழுக்கும் ஒரு டிராக்டர்காரர் கேட்டார். "அண்ணே, நம்ம வண்டிக்கும் அத ஒண்ணு மாட்டுங்க. காலையில எடுக்கவே மாட்டேங்குது, வாடைக் குளிருதான்."

நம் கரையில் குளிர் என்பது எவ்வளவு? மார்கழி, தை விடியற்காலையிலும் பாம்பனில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தச் சூட்டில் ஒரு டீசல் இன்ஜின் எந்த உதவியும் இல்லாமல் இரண்டு சுற்றில் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் வண்டியில் ஏதோ பழுது. ஹீட்டர் மாட்டினால் அந்தப் பழுதைக் கொஞ்ச நாள் மூடி வைக்கலாம், அவ்வளவுதான்.

"மாட்ட வேண்டாம், அது உட்காரும் இடத்தை மட்டும் காட்டுறேன், வாங்க" என்று குனிந்து டார்ச் அடித்தேன். சைலன்சர் மேனிபோல்டுக்குக் கீழே, பின்னால் இருந்த கோர் பிளக்கின் விளிம்பிலிருந்து செங்காவிக் கோடு ஒன்று பிளாக்கில் இறங்கியிருந்தது. அதன் ஓரத்தில் பூத்துப்போன வெள்ளை. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். அப்பளம் மாதிரி உள்ளே போனது. பழுப்புத் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, காய்ந்த இடத்தில் உப்பு படிந்தது. ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். உப்பளத்துக் கொட்டகைப் போர்த் தண்ணீர்.

கனடாவில் கூலன்ட் குறைந்ததால் அந்த ஓட்டையில் ஹீட்டர் செத்தது. இங்கே கூலன்டே இல்லாததால் அதே ஓட்டையின் மூடி அரித்தது. நம் டிராக்டருக்குக் கூலன்ட் எதற்கு, இங்கே என்ன உறையவா போகிறது என்று கேட்காத ஆள் இல்லை. உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலைதான். இரும்பு துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். நமக்கு வேண்டியது அந்த இரண்டும்.

கோர் பிளக் மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிளக்கின் ஒரு விளிம்பில் மழுங்கிய உளியை வைத்துத் தட்டினால் அது ஓட்டைக்குள் குறுக்காகத் திரும்பும், பிளையரால் பிடித்து இழுக்கலாம். பிளாக்குக்குள் விழவிடக் கூடாது. உட்காரும் வளையத்தை எமரித் தாளால் பளிச்சென்று தேயுங்கள், குழி விழுந்திருந்தால் புது பிளக் நிற்காது. சீலன்ட் மெல்லியதாகத் தடவி, உள்வாயில் சரியாகப் பொருந்தும் சாக்கெட்டை வைத்து நேராக அடியுங்கள். விளிம்பு பிளாக்குக்குள் மயிரிழை இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். இரும்புத் தகட்டைவிடப் பித்தளைப் பிளக் இந்தக் காற்றுக்கு நீடிக்கும். ஒன்று அரித்திருந்தால் மற்றவையும் அந்த வயசுதான், அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் மாற்றிவிடுங்கள். நான் அவருடையதில் மூன்றும் மாற்றினேன். பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை உள்ளே கழுவிவிட்டு, கலந்தே வரும் கூலன்ட் ஊற்றினேன். தனியாக வாங்கிக் கலக்கிறவர்கள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். போர்த் தண்ணீரில் கலந்தால் கூலன்ட் காசும் போகும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இன்ஜின் அதிகம் சூடாகிறது என்பதற்காக, சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடச் சொல்லாதீர்கள். நம் பக்கம் பாதி வண்டியில் அது இல்லை. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், ஆயில் சேறாகும்.

அப்படியானால் காலையில் ஏன் எடுக்கவில்லை

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. சுற்று மெதுவாக இருக்கலாம், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை நசுக்கும் அழுத்தம்) குறைந்திருக்கலாம். புகையே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை.

உப்பு வண்டியில் வெள்ளைப் புகை, மெதுவான சுற்று. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அதாவது நிறைவு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கில் வெறும் இரும்பு தெரியும் இடத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 2.1 காட்டியது. பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் பட்டை வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. பாதிக் கம்பிகள் விரலில் உதிர்ந்தன. புதுப் பட்டை, தேய்த்த இரும்பு, மேலே வாசலின். அரைச் சுற்றில் எடுத்தது. அவர் கேட்ட குளிர் அந்த ஒரு போல்ட்டுக்கு அடியில் இருந்தது.

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து மானாவாரி வண்டிகளுக்கு வேறு தொல்லை. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்ததோடு நிறுத்திவிட்டு, மழையெல்லாம் நனையவிட்டுத் தையில் அறுப்புக்கு எடுப்பார்கள். பாதி காலியான டேங்கில் இரவு ஈரம் வியர்த்துத் தண்ணீராக அடியில் தங்கும். நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். எடுக்கும் முன் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள், தண்ணீர் தனியாக அடியில் நிற்கும். டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள். அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். கைப் பம்பை அடித்துக்கொண்டே ஃபில்டர் தலைத் திருகைத் தளர்த்துங்கள், குமிழி நின்றதும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்புத் திருகு. அதற்கும் எடுக்கவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள், டீசல் கொப்பளித்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பீய்ச்சும் டீசலில் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். ஆயில் பாத் ஏர் ஃபில்டர் என்றால் அதன் கிண்ணத்தையும் கழற்றிப் பாருங்கள், மழைத்தண்ணீர் நின்றிருக்கும்.

எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துணியின் சாம்பலும் தீப்பொறியும் உள்ளே போய் லைனரைக் கீறும். அப்படி எடுக்க வேண்டிய நிலைமைக்கு வண்டி வந்துவிட்டால் கம்ப்ரஷன் பார்க்கக் கொண்டுவந்துவிடுங்கள்.

உப்பு டிராக்டர்காரர் இப்போது சீட்டுக்கு அடியில் 5 லிட்டர் கூலன்ட் கேன் ஒன்று வைத்திருக்கிறார். திங்கட்கிழமைதோறும் காலையில் இன்ஜின் சூடாகும் முன் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கிறார். ஓடி வந்த வண்டியில் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். போன மாதம் கனடாவிலிருந்து ஒரு படம் வந்தது: ஸ்டியரிங்கில் மஞ்சள் ஒயர் மூன்று சுற்று, பின்னால் கண்ணாடி முழுக்க உறைபனி. அடியில் எழுதியிருந்தான், "சத்தம் வருது மாமா."